ஆவுடையப்பன் வீணை மீட்ட கதை

தென்காசியிலிருந்து கிழக்கே போகிற பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் எந்த ஊர்ப் பேரைச் சொல்லும்போது தானே சிரித்துக்கொள்கிறாரோ அங்கே இறங்கினால் அதுதான் பெருமாக்குளம். அந்த ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்னதைச் செய்கிறவர்கள். சொன்னதை மட்டும் செய்கிறவர்கள். அவ்வளவுதான் விஷயம்.

ஆவுடையப்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். ரயில்வே கேட்டில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை அவருடைய மேலதிகாரி, "ரயில் போகிற வரைக்கும் கேட்டைத் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பார்த்து மழையில் ரயிலை ரத்துச் செய்துவிட்டார்கள். ஆவுடையப்பன் ரெண்டு நாள் கேட்டைத் திறக்கவில்லை. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அந்தப் பக்கமும் பெண் இந்தப் பக்கமும் மாட்டிக்கொண்டு, கேட்டுக் கம்பிக்கு மேலாகத்தான் தாலி கட்டினார்கள். அந்தத் தம்பதி இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

இப்பேர்ப்பட்ட ஆவுடையப்பனுக்கு வீணை ஆசை வந்தது அவர் மனைவி சிவகாமியால்.

சிவகாமி நிற்க நேரமில்லாத பெண்பிள்ளை. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் ஆவுடையப்பன் செய்த எந்தக் காரியத்தையும் நின்று பார்த்து "நல்லாருக்கு" என்று அவள் சொன்னதில்லை. ஒரு நாள் மத்தியானம் ரேடியோவில் யாரோ வீணை வாசித்தார்கள். ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்த சிவகாமி கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். கடுகு கருகிற்று. அவள் கவனிக்கவில்லை. ஆவுடையப்பன் கவனித்தார்.

இன்னும் ரெண்டு மாசத்தில் அவருக்கு அறுபது நிறைகிறது. மணிவிழா அன்றைக்கு சிவகாமிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டு வாசித்துவிட வேண்டும் என்று அவர் அங்கேயே தீர்மானம் செய்தார்.

தஞ்சாவூரில் சங்குபாணி ஆசாரி என்பவர் வீணை செய்து கொடுப்பதாகக் கேள்விப்பட்டு எழுதிப் போட்டார். வைக்கோல் சுற்றி, மரப்பெட்டியில் வீணை வந்து இறங்கியது. உள்ளே ஆசாரியின் கைப்பட ஒரு காகிதம். அதில், வீணையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று வரிவரியாக எழுதியிருந்தது.

பெரிய காரியம் என்பதால் ஆவுடையப்பன் தன் சிநேகிதர்கள் ரெண்டு பேரையும் கூட்டினார். ஒருவர் குத்தாலிங்கம், தையல்காரர். இன்னொருவர் சவரிமுத்து, தபால்காரராக இருந்தவர். ஊரிலேயே அதிகமான காகிதங்களைக் கையால் தொட்டவர் என்பதால் படிப்பாளி என்று பேர்.

முதல் வரியைச் சவரிமுத்து உரக்கப் படித்தார்: "வாசிக்காத நேரத்தில் உறை போட்டு வைக்கவும்."

குத்தாலிங்கம் உடனே டேப்பை எடுத்து வீணையின் கழுத்தையும் இடுப்பையும் அளந்துகொண்டு போனார். அவருக்குத் தைக்கத் தெரிந்தது சட்டை ஒன்றுதான். மறுநாள் நீலக்கோடு போட்ட அரைக்கைச் சட்டையோடு வந்தார். போட்டுப் பார்த்தார்கள். பொருந்தியது.

"பை எதுக்கு வே வச்சிருக்கீரு?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"பை இல்லாத சட்டைய யாரு போடுவா?" என்றார் குத்தாலிங்கம்.



அடுத்த வரியில்தான் சிக்கல் வந்தது. "நாள்தோறும் ஒரு மணி நேரமாவது வீணையை மீட்டவும். மீட்டாத வீணை பாழாகும்."

மூன்று பேரும் வீணையைப் பார்த்தார்கள். அது சட்டை போட்டுக்கொண்டு பாயில் பத்திரமாக இருந்தது.

"மீட்கணும்னா யாராவது கொண்டுபோயிருக்கணுமே" என்றார் ஆவுடையப்பன். "இது இங்கதான கிடக்கு?"

"எழுத்தைப் பாரும். மீட்கவும்னு இல்ல, மீட்டவும்னு இருக்கு" என்றார் குத்தாலிங்கம்.

"ரெண்டும் ஒண்ணுதான் வே. அது தஞ்சாவூர்த் தமிழ்" என்று சவரிமுத்து தீர்ப்புச் சொன்னார். "நான் எத்தனை லெட்டர் பாத்திருக்கேன்."

"அப்ப தினமும் ஒருத்தர் இதைத் தூக்கிட்டு ஓடணும். மத்தவங்க போயி மீட்கணும்."

"ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரம். குறையப்படாது."

ஓடுகிறவர் குத்தாலிங்கம் என்று முடிவாயிற்று. மூவரில் அவருக்குத்தான் முழங்கால் நன்றாக இருந்தது. மறுநாள் காலையிலிருந்து சாதகம் ஆரம்பமானது. குத்தாலிங்கம் வீணையைத் தோளில் போட்டுக்கொண்டு குளத்தங்கரையில் ஓடுவார். ஆவுடையப்பனும் சவரிமுத்தும் "விடாதே, பிடி!" என்று துரத்துவார்கள். கால் மணி நேரத்தில் பிடித்துவிட்டால், மீதி நேரத்துக்காக வீணையைத் திரும்பக் கையில் கொடுத்து இன்னொரு தடவை ஓடச் சொல்வார்கள். ஒரு நாள் பக்கத்து ஊர் வண்டிக்காரர் ஒருவர் நிஜமென்று நம்பி, வண்டியிலிருந்து குதித்து குத்தாலிங்கத்தை நாலு சாத்துச் சாத்திவிட்டார்.

"இன்னைக்கு மீட்டினது மாதிரி என்னைக்குமே மீட்டினதில்ல" என்று ஆவுடையப்பன் பூரித்துப்போனார். குத்தாலிங்கம் முதுகைத் தடவிக்கொண்டே ஆமாம் என்றார்.

மூன்றாவது வரி, "குதிரை இம்மியளவும் நகரக் கூடாது; நகர்ந்தால் சுருதி கெடும்." வீணையின் குடத்துக்கு மேலே தந்திகளைத் தாங்கி நிற்கிற சின்னக் கட்டைக்குத்தான் குதிரை என்று பெயர். அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். பெருமாக்குளத்தில் குதிரை என்றால் ஜட்கா ஓட்டுகிற மைதீனுடைய குதிரை. சவரிமுத்து போய் அதன் லகானைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் நின்றார்.  நகரக் கூடாது என்று எழுதியே வந்திருக்கும்போது மைதீன் என்ன சொல்ல முடியும்? வண்டியில் ஏற்கனவே ஏறி உட்கார்ந்திருந்த ரெண்டு பேர், வெகுநேரம் ஆனதைப் பார்த்து, தென்காசி வந்துவிட்டது என்று இறங்கிப் போனார்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது பன்னிரண்டாம் நாள் ஒரு விபத்து. குத்தாலிங்கம் பனங்காட்டுக்குள் புகுந்து ஓடியபோது வீணை மரத்தில் இடித்தது. 'டங்' என்று ஒரு சத்தம். மெல்லிய தந்தி ஒன்று அறுந்து சுருண்டு தொங்கியது.

 காகிதத்தைப் பிரித்தார்கள். "தந்தி அறுந்தால் காலம் தாழ்த்தாமல் புதுத் தந்தி போடவும். மெல்லியதற்கு மெல்லியது, தடித்ததற்குத் தடித்தது."

"நல்லவேளை" என்று மூச்சு விட்டார் சவரிமுத்து. "இது நம்ம டிபார்ட்மென்ட்."

மூன்று பேரும் தபாலாபீசுக்கு ஓடினார்கள். வழியெல்லாம் தந்தியை யாருக்கு அடிப்பது என்று விவாதம். ஆசாரிக்கு என்றார் குத்தாலிங்கம்.

"அறுந்தது யாருக்கு? வீணைக்கு" என்றார் சவரிமுத்து. "காயம் பட்டது ஒருத்தருக்கு, ஆறுதல் இன்னொருத்தருக்கா?"

கவுண்டரில் இருந்தவர் வெளியூர்க்காரர். வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"பெறுபவர் பேரு?"

"வீணை."

"வீணாவா?"

"வீணை."

"இனிஷியல்?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தஞ்சாவூர்ல பொறந்தது. டி போட்டுக்கிடுங்க" என்றார் ஆவுடையப்பன்.

"சேதி?"

"அறுந்தது அறிந்தோம். கவலை வேண்டாம். அவ்வளவுதான். மெல்லிசாவே இருக்கட்டும்."

அந்தக் காலத்தில் வீட்டுக்குத் தந்தி வந்தால் அது சாவுச் சேதி. சைக்கிள் மணி கேட்டு வெளியே வந்த சிவகாமி, காகிதத்தைப் பார்த்ததுமே பிரிக்காமல் அழ ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து கூட உட்கார்ந்து அழுதார்கள். ஆவுடையப்பன் வீடு வந்து சேர்ந்து, வாசலில் கூட்டத்தைப் பார்த்துப் பதறிப்போய், யார் போனது என்று கேட்டுத் தானும் அழுதார். யார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஒருத்தி தைரியமாகப் பிரித்துப் படித்தாள்.

சிவகாமி கண்ணைத் துடைத்தாள். புருஷனைப் பார்த்தாள்.  எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆவுடையப்பன் தந்தியை வீணைக்கு ரெண்டு தடவை நிதானமாகப் படித்துக் காட்டி, சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

மறுநாள் பார்த்தால் அறுந்தது அறுந்தபடியே கிடந்தது. "போய்ச் சேர்ந்து குணம் தெரிய நாளாகும் வே" என்றார் சவரிமுத்து. அடுத்த வாரம் தடித்த தந்தி அறுந்தபோது, காகிதத்தில் சொன்னபடியே, குசலம் விசாரித்து, ஊர் மழை நிலவரம் எல்லாம் சேர்த்து, கவுண்டர்க்காரர் ரெண்டு தடவை பென்சில் சீவிக்கொள்ளும்படியாகத் தடித்த தந்தியாகவே போட்டார்கள்.

பங்குனி வெயில். சட்டையும் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடி ஓடி வீணைக்கு மெழுகு இளகிவிட்டது. கழுத்து மாதிரி நீண்ட தண்டியின் மேலே வரிசையாக மெழுகில் பதித்திருந்த பித்தளை மெட்டுகள் சரிந்து, சில ஒன்றோடு ஒன்று சாய்ந்து, வயதானவர்கள் பல் மாதிரி ஆயின. மணிவிழாவுக்கு இன்னும் பத்தே நாள். ஆவுடையப்பன் காகிதத்தை எடுத்து மீதி வரியைத் தானே படித்தார்.

"மெட்டுகள் நகர்ந்தால் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம். மேளம் கட்டுபவரை வரவழைத்து மேளம் கட்டவும்."

மெட்டுகளைத் திரும்ப மெழுகில் பதிப்பதைத்தான் வீணைக்காரர்கள் மேளம் கட்டுவது என்பார்கள். மறுநாள் காலை ஆவுடையப்பன் வீட்டு வாசலில் மாட்டுவண்டியில் வந்து இறங்கியது ரெண்டு நாகஸ்வரம், ரெண்டு தவில், ஒரு ஜால்ரா.

"என்ன விசேஷம் அண்ணாச்சி? முகூர்த்தம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் பெரிய தவில்காரர்.

"மேளம் கட்டணும்."

"அதுக்குத்தான வந்திருக்கோம். யாருக்கு?"

ஆவுடையப்பன் வீணையைக் காட்டினார். தவில்காரர் வீணையைப் பார்த்தார். புதுச் சட்டை போட்டு, பொட்டும் வைத்து, மாலையோடு இருந்தது. எத்தனையோ விசேஷங்களில் வாசித்தவர்; கேள்வி கேட்டால் வேலை கெடும் என்று அறிந்தவர். தவிலைத் தோளில் மாட்டப் போனார்.

"அங்கயா?" என்று தடுத்தார் குத்தாலிங்கம். "மேளத்தை இதுல கட்டணும்." இடுப்பிலிருந்து கயிற்றை உருவி, தவிலை வீணையின் தண்டியோடு சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டார்.

மூன்று முடிச்சு விழுந்ததைப் பார்த்த நாகஸ்வரக்காரருக்குக் கை சும்மா இருக்குமா? கெட்டிமேளம் என்று நினைத்து ஊதிவிட்டார். ஊர் முழுக்கக் கேட்டது. ஆவுடையப்பன் வீட்டில் கல்யாணம், நமக்குச் சொல்லவே இல்லையே என்று கோபித்துக்கொண்டே ஜனங்கள் குளித்து, நல்ல துணி உடுத்தி வந்து சேர்ந்தார்கள். வீணைக்கும் தவிலுக்கும் அட்சதை போட்டார்கள். "பொருத்தம் எப்படி?" என்று ஒருவர் கேட்க, "பொண்ணு கொஞ்சம் உயரம்" என்று இன்னொருவர் சொன்னார். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

அன்றைக்கு நூற்றுப்பத்துப் பேருக்கு உப்புமா கிண்டிய சிவகாமி, சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டு ஒரு கார்டு எடுத்து சங்குபாணி ஆசாரிக்கு நாலு வரி எழுதினாள். அதில் கடைசி வரி: "நீங்கள் நேரில் வராவிட்டால் அடுத்து வீணைக்கு என்ன நடக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை."

ஆசாரி அலறியடித்துக்கொண்டு வந்தார். வீணையைத் தவிலிலிருந்து அவிழ்த்தார். சட்டையைக் கழற்றினார். பையிலிருந்து ரெண்டு தந்திகள் விழுந்தன. படித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அப்புறம் வேலையை ஆரம்பித்தார். அஞ்சு நாள் ஆயிற்று. மெழுகைச் சுத்தமாக வழித்துவிட்டுப் புது மெழுகு காய்ச்சி ஊற்றினார். மெட்டு ஒவ்வொன்றையும் காது வைத்துக் கேட்டுக் கேட்டுப் பதித்தார். புதுத் தந்திகள் பூட்டி, தந்தியை முறுக்குகிற பிருடைகளை ஒரு மயிரிழை இப்படி, ஒரு மயிரிழை அப்படி என்று திருகினார்.

கடைசியில் விரலால் ஒரு தந்தியை மீட்டினார்.

நாதம் எழுந்து கூடத்தில் நின்றது. மூன்று சிநேகிதர்களும் ஓரடி பின்வாங்கினார்கள்.

"இது சத்தம் போடுமா!" என்றார் குத்தாலிங்கம்.

"நாப்பது நாளாத் தோள்ல வச்சிட்டு ஓடுனீரே, சொல்லவே இல்ல" என்றார் சவரிமுத்து.

 அடுப்படியில் பாத்திரம் உருளுகிற சத்தம் நின்றுபோனதை ஆவுடையப்பன் மட்டும் கவனித்தார்.

அன்றைக்கும் மறுநாளும் அவர் ஆசாரியைக் கெஞ்சி, மோகனத்தில் எட்டே வரியில் ஒரு சின்ன கீதத்தைக் கற்றுக்கொண்டார். பலகையில் கோடு போட்டு விரலை வைத்துப் பழகினார். வீணையைத் தொட ஆசாரி விடவில்லை. மணிவிழா அன்று விடியற்காலையில் கடைசியாக ஒருமுறை சுருதி பார்த்துவிட்டு, ஆசாரி பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். ஆவுடையப்பன் கூடவே ஓடினார்.

"ஐயா, சுருதி சுத்தமா சேர்ந்து நிக்குது" என்றார் ஆசாரி ஜன்னல் வழியாக. "விசேஷம் முடியிற வரைக்கும் கலைஞ்சிடாம பார்த்துக்குங்க."

"எப்படி ஐயா கலையும்?"

"கண்டபடி கை வெச்சா கலையத்தான் செய்யும்!" பஸ் போய்விட்டது.

ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். சிநேகிதர்கள் கவலையோடு யோசித்தார்கள்.

"கண்டபடி கை வைக்காம வைக்க உமக்குத் தெரியுமா வே?" என்று கேட்டார் சவரிமுத்து.

ஆவுடையப்பன் மனசைத் தொட்டுச் சொன்னார்: "நான் எப்படி வச்சாலும் அது கண்டபடிதான் வரும்."

"அப்ப கையை வைக்காதேயும்."

"வாசிக்கணுமே?"

"வாசியும். யார் வேணாம்னா? கை வைக்காம வாசியும்."

மத்தியானம் மூன்று மணிக்கு ஊரே கூடத்திலும் வாசலிலும் நிறைந்திருந்தது. பட்டுவேட்டி கட்டிய ஆவுடையப்பன் வீணைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதிரே சிவகாமி, அரக்குப் புடவையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு. அவள் முகத்தில் இருந்தது பயம்தான். பின்னால் தண்ணீர்ச் செம்பு ஒன்றைத் தயாராக வைத்திருந்தாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது.

ஆவுடையப்பன் ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். விரல் நுனியெல்லாம் துறுதுறுத்தது. ஒரு தொடு தொட்டுவிடலாம் என்று உள்ளே யாரோ சொன்னார்கள். மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். முதல் வரியை மனசுக்குள் வாசித்தார். ரெண்டாவது வரி. பலகையில் எப்போதும் தடுக்கிற அஞ்சாவது வரி, இன்றைக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. எட்டாவது வரி முடிந்தபோது அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். அப்பேர்ப்பட்ட அமைதி. அப்புறம் கைதட்டல் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போயிற்று.

"மோகனம்தான?" என்று மைதீன் கேட்டார்.

"மோகனம்தான். ஆனா நடுவில கொஞ்சம் வேகம் ஜாஸ்தி" என்றார் சவரிமுத்து.

சிவகாமி எழுந்து வந்தாள். வீணையைப் பார்த்தாள். ஒரு தந்தி அறுந்துபோகவில்லை, ஒரு மெட்டு சரியவில்லை, யாரும் யாரையும் துரத்தவில்லை, வீட்டுக்குச் சாவுச் சேதி வரவில்லை. ரெண்டு மாசத்தில் இப்படி ஒரு அரை மணி நேரம் அவளுக்குக் கிடைத்ததில்லை.

"நல்லாருக்குங்க" என்றாள். நின்று, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "சத்தியமாச் சொல்லுதேன். ஒரு தப்பு இல்ல."

 ஜனங்கள் விடவில்லை. "இன்னொரு தடவை! இன்னொரு தடவை!" என்று கூச்சல். ஆவுடையப்பன் மறுபடியும் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். கூட்டம் கப்சிப்பென்று அடங்கியது.

மூன்றாவது வரியில் இருந்திருப்பார். வாசல் ஓரத்தில் மடியில் கைப்பிள்ளையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள்.

"பெரியப்பா, தப்பா நினைச்சுக்கிடாதீங்க. பிள்ளை இப்பதான் கண் அசந்தான். கொஞ்சம் மெதுவா வாசிங்களேன்."

"அதுக்கென்னம்மா" என்றார் ஆவுடையப்பன். பாயோடு ரெண்டடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

பிள்ளை சாயங்காலம் வரைக்கும் முழிக்கவே இல்லை.